முன்வரிசை இருக்கை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்து மறுபடி பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். பெரிய நிம்மதி. என் வணக்கத்தைச் சொல். இங்கே எல்லாரும் சௌக்கியம். மூத்தவள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், சின்னவனுக்கு இது பரீட்சை வருஷம். எனக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. மற்றபடி குறையில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பதவி உயர்வு வந்ததிலிருந்து இசை விழா, நாட்டிய விழா, ஓவியக் கண்காட்சி என்று ஒன்று விடாமல் அழைப்பிதழ் வருகிறது, முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள், பாதி நேரம் மனசு அலுவலகக் கணக்கில் கிடக்கிறது, ஆனாலும் போகாவிட்டால் "அவரைக் காணோமே" என்று கேட்பார்கள் என்கிறாய். இப்போது விழாக் குழுவிலும் சேரச் சொல்கிறார்களாம். "ரசிக்காமல் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் யாருக்கு என்னடா நஷ்டம்?" என்று கேட்டிருக்கிறாய். நஷ்டம் உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

1861 மார்ச்சில் பாரிஸ் ஓபரா அரங்கில் நடந்ததை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? வாக்னர் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் 'டான்ஹாய்சர்' என்ற ஓபரா, அதாவது பாட்டாலேயே கதை சொல்லும் நாடகம், அங்கே மேடையேறியது. பேரரசர் மூன்றாம் நெப்போலியனே உத்தரவு போட்டு நடந்த ஏற்பாடு. 160க்கும் மேற்பட்ட ஒத்திகைகள் நடந்தன. அந்த அரங்கில் ஒரு வழக்கம் இருந்தது: எந்த ஓபராவாக இருந்தாலும் இரண்டாம் அங்கத்தில் ஒரு நடனம் வந்தாக வேண்டும். காரணம் கலை சம்பந்தப்பட்டதே இல்லை. ஜாக்கி கிளப் என்ற பெரிய மனிதர்களின் சங்கம் ஒன்று இருந்தது. அதன் உறுப்பினர்கள் நிதானமாக இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, முதல் அங்கம் போனபிறகுதான் வந்து சேர்வார்கள். அவர்கள் பார்க்க வருவது நடனக்காரிகளை. அதனால் நடனம் அவர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும். வாக்னர் மறுத்துவிட்டார். கதைக்கு எங்கே பொருந்துமோ அங்கேதான் வைப்பேன் என்று முதல் அங்கத்திலேயே வைத்தார். அவ்வளவுதான். கிளப்காரர்கள் விசிலோடு வந்து ஊதித் தள்ளினார்கள். பாட்டு நின்று நின்று நடந்தது. மூன்றாவது காட்சியோடு வாக்னர் ஓபராவையே திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த அரங்கு மறுபடி அதை மேடையேற்றியது 1895இல்தான்.

இதில் என்னைத் தொந்தரவு செய்வது அந்த விசில்கூட இல்லை. அதற்கு முன்னால் எத்தனையோ இசையமைப்பாளர்கள் சத்தமில்லாமல் நடனத்தை இரண்டாம் அங்கத்துக்குத் தள்ளி வைத்துக் கொடுத்தார்களே, அதுதான். கலை என்ன வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதை, அதைக் கேட்கவே வராதவர்களின் சாப்பாட்டு நேரம் முடிவு செய்தது. இன்றைக்கு விசில் கிடையாது. ஆனால் முக்கிய விருந்தினர் வரும்வரை நிகழ்ச்சி தொடங்காமல் இருப்பது, நடுவில் நிறுத்திப் பாராட்டுரை வைப்பது, முன்வரிசை நெளியுமே என்று நீளமான உருப்படியைக் கலைஞரே விட்டுவிடுவது எல்லாம் அதே கதைதான். நீ சும்மா உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறாய். மேடையில் இருப்பவருக்கு முதலில் தெரிவது முன்வரிசை முகங்கள்தான். அங்கே நாலு பேர் போனைத் தடவிக்கொண்டிருந்தால் பாடுகிறவருக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

போன மாதம் எனக்குத் தெரிந்த ஓவியர் ஒருவரின் கண்காட்சித் திறப்புக்குப் போயிருந்தேன். நல்ல கூட்டம். எல்லாரும் நன்றாக உடுத்தி வந்திருந்தார்கள். ஆனால் ஏறக்குறைய எல்லாருடைய முதுகும் படங்களைப் பார்த்தபடி இருந்தது. யார் வந்திருக்கிறார்கள், யார் இன்னும் வரவில்லை, எந்தப் படத்தை யார் வாங்கிவிட்டார்கள், இதுதான் பேச்சு. ஓவியர் சுவரோரமாக நின்று வருகிறவர்களுக்கெல்லாம் தலையசைத்துக்கொண்டிருந்தார். எட்டு ஒன்பது வயதிருக்கும், ஒரு பெண் குழந்தை மட்டும் ஒரு படத்தின் அருகில் போய் மூக்கு உரசுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. அப்புறம் திரும்பி, "அம்மா, இங்க ஒரு முடி ஒட்டியிருக்கு!" என்று கத்தியது. நானும் போய்ப் பார்த்தேன். கருநீல வண்ணம் தடிப்பாக அப்பியிருந்த இடத்தில் தூரிகையின் ஒற்றை முடி சிக்கி அப்படியே காய்ந்திருந்தது. அது விழுந்த இடத்திலிருந்து கைவீச்சு எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதுகூடத் தெரிந்தது. அம்மா வந்தார். குழந்தையைத் திருப்பி நிறுத்தி, படம் பின்னால் தெரிகிற மாதிரி ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, "வா, நேரமாச்சு" என்று கூட்டிப் போய்விட்டார்.

அந்த அம்மாவை எனக்குக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. அவருக்கு அங்கே வேறு ஒரு வேலை இருந்தது, அதை அவர் செய்தார். ஆனால் அவ்வளவு தூரம் வந்தவருக்கு அந்த முடியைப் பார்க்கக் கிடைக்கவில்லையே என்று வருத்தமாக இருந்தது. நீ கேட்ட நஷ்டத்தில் ஒரு பங்கு இது. அது உன் பங்கு.

இன்னொரு பங்கு வெளியே நிற்பவர்களுடையது. எங்கள் அலுவலகத்தில் ஒரு பையன் இருக்கிறான். வேலை செய்யும்போதே வாய்க்குள் முணுமுணுத்துப் பாடுவான், சுருதி விலகாது. ஒரு கச்சேரிக்கு வாயேன் என்று கூப்பிட்டேன். "வேண்டாம் சார், அங்க வர்றவங்க எல்லாம் வேற மாதிரி. எங்க கை தட்டணும்னுகூட எனக்குத் தெரியாது" என்றான். அவனுக்கு இசையின் மேல் பயம் இல்லை. சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் மேல்தான் பயம். கௌரவத்துக்காக வருகிறவர்களால் நடக்கும் பெரிய கேடு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் இருக்கையை மட்டும் அடைத்துக்கொள்ளவில்லை, இது எங்களைப் போன்றவர்களின் இடம் என்ற எண்ணத்தையும் வாசலில் எழுப்பிவிடுகிறார்கள். உண்மையில் ஆசைப்படுகிறவன் அதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடுகிறான்.

நீ உடனே கேட்பாய்: பெரிய மனிதர்கள் வராவிட்டால் விழா நடத்தப் பணம் எங்கிருந்து வரும் என்று. நியாயமான கேள்வி. இத்தாலியில் மிலான் நகரத்து லா ஸ்காலா ஓபரா அரங்கு 1778இல் திறக்கப்பட்டபோது அதற்குப் பணம் போட்டவர்கள் தனி மாடங்களுக்கு, அதாவது அறை போலத் தடுத்த இருக்கைகளுக்கு, சொந்தக்காரர்களான செல்வந்தர்கள்தான். அங்கேயே சூதாடினார்கள், பாட்டு நடக்கும்போதே ஊர்க்கதை பேசினார்கள். நியூயார்க் கதை இன்னும் வெளிப்படையானது. அகாடமி ஆஃப் மியூசிக் அரங்கின் மாடங்கள் பழைய பணக்காரக் குடும்பங்களின் கையில் இருந்தன. புதுப் பணக்காரர்கள் எவ்வளவு கொடுக்க முன்வந்தும் இடம் கிடைக்கவில்லை. ரோஷம் வந்து அவர்களே சேர்ந்து கட்டியதுதான் மெட்ரோபாலிட்டன் ஓபரா. 1883இல் திறந்தார்கள். 1886இல் அகாடமி ஓபரா நடத்துவதையே விட்டுவிட்டது. பிறந்தது அந்தஸ்துச் சண்டையில் என்றாலும் அந்த மேடையில் 1903 முதல் புகழ்பெற்ற இத்தாலியப் பாடகர் கரூசோ பாடினார். மேல் மாடியில் குறைந்த கட்டணத்தில் நின்றுகொண்டு கேட்டவர்களுக்கும் அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது. அதனால் பெருமைக்காக வருகிறவர்களை விரட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் பணமும் கலையைத் தாங்கியிருக்கிறது.

வாக்னர் வேறு வழியில் முயன்று பார்த்தார். 1876இல் ஜெர்மனியில் பைராய்ட் என்ற ஊரில் தன் சொந்த அரங்கைத் திறந்தபோது பக்கவாட்டு மாடங்களே வைக்கவில்லை. எல்லா இருக்கைகளும் மேடையைப் பார்த்தபடி இருக்கும். வாத்தியக்காரர்கள் கண்ணில் படமாட்டார்கள். நிகழ்ச்சி தொடங்கியதும் பார்வையாளர் பக்கத்து விளக்குகள் அணைந்துவிடும். அதுவரை ஓபரா அரங்குகளில் வெளிச்சம் இருக்கும், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளத்தானே வந்தார்கள்! இன்று நாம் இருட்டில் உட்கார்ந்து பார்ப்பதற்கு அந்த மாற்றமும் ஒரு காரணம். ஆனால் அதே பைராய்ட்டில் நடக்கும் விழாவின் தொடக்க நாளில் இப்போது அரசியல் தலைவர்களும் பிரபலங்களும் வந்து இறங்குவதுதான் செய்தியாகிறது. கட்டடத்தை மாற்றி இந்த ஆசையை ஒழிக்க முடியாது. யாருக்குமே வாசலில் நுழையும்போது நோக்கம் முழுக்கச் சுத்தமாக இருப்பதில்லை. பெயருக்காக வந்தவன் ஒரு பாட்டில் சிக்கி, பிறகு அதற்காகவே வாழ்நாள் முழுவதும் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அவனுக்கு வேண்டியிருந்ததெல்லாம் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து கேட்பது மட்டும்தான்.

அதனால் உனக்கு என் யோசனை இது. வருகிற அழைப்பிதழ் எல்லாவற்றுக்கும் போகாதே. உனக்கு எது பிடிக்கிறது என்று உனக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம், அதைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் எதற்குப் போனாலும் கடைசிவரை இரு. படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவதாக இருந்தால் வீட்டுக்கு வந்து போடு. புரியாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கூச்சப்படாமல் கேள். "அற்புதம்" என்று சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை, பிடிக்கவில்லை என்றால் அப்படியே சொல். ஒரு உண்மையான கலைஞர் அதை வெறும் பாராட்டைவிட மேலாகத்தான் எடுத்துக்கொள்வார்.

குழுவில் சேரத்தான் சொல்வேன். சேர்ந்ததும் முதல் கூட்டத்திலேயே ஒரு விஷயத்தைக் கேட்டு வாங்கு: நிகழ்ச்சி ஆரம்பித்துக் கால் மணி நேரம் கழித்தும் காலியாக இருக்கிற முன்வரிசை இருக்கைகளை, பெயர் அட்டையை எடுத்துவிட்டு, பின்னால் நிற்பவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். தாமதமாக வருகிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பின்னால் இடம் பார்த்துக்கொள்ளட்டும். கொஞ்சம் முணுமுணுப்பு வரும். உன் பதவிக்கு அதைத் தாங்குகிற பலம் இருக்கிறது, அதை இதற்குச் செலவு செய். அவர்கள் ஒப்புக்கொண்டால் எனக்கு எழுது. அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்கிறேன்.

அம்மா உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்