அச்சகத்திலும் மருத்துவமனையிலும் இருக்கிறது எழுத்து வேலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழில் எழுதியே குடும்பம் நடத்த முடியுமா என்று கேட்டுத் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வார, மாத இதழ்கள் பல நின்றுபோனதையும், எஞ்சியவை தரும் சன்மானம் விலைவாசிக்கு ஏற்ப உயரவில்லை என்பதையும் அக்கட்டுரை சரியாகவே எடுத்துரைத்தது. ஆனால், கதையும் கட்டுரையும் வெளியிடும் இதழ்களும் பதிப்பகங்களும் மட்டுமே எழுதுகிறவருக்கு வேலை தரும் இடங்கள் என்று அது கொண்ட முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. கோவையில் இருந்தபடி மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம் (அச்சுக்கு முன் பிழை பார்த்தல்), விழா மலர்த் தொகுப்பு ஆகியவற்றை முழுநேரத் தொழிலாகச் செய்து வருபவன் என்ற முறையில், புதிய வாடிக்கையாளர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதை, இத்தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்களை மனத்தில் கொண்டு எழுதுகிறேன்.

நல்ல தமிழ் அன்றாடம் தேவைப்படும் இடங்கள் பல, தங்களை எழுத்துத் துறையைச் சேர்ந்தவையாக நினைப்பதே இல்லை. மோட்டார் பம்பும் கிரைண்டரும் செய்யும் தொழிற்சாலை ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு கையேட்டை வைக்கிறது. தொண்டு நிறுவனம் கிராமத்துப் பெண்களுக்குத் துண்டறிக்கை கொடுக்கிறது. பள்ளி ஆண்டு மலர் போடுகிறது. இவர்கள் யாரும் ‘எழுத்தாளர் தேவை’ என்று விளம்பரம் செய்ய மாட்டார்கள், ஏனெனில் கூலி கொடுத்து இந்த வேலையை ஒப்படைக்க ஓர் ஆள் உள்ளூரிலேயே கிடைப்பார் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனவே நாம்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும். போகும்போது அவர்களுடைய தேவைக்கென்றே செய்த ஒரு பக்கம் கையில் இருக்க வேண்டும்.

என் உறவினர் ஒருவருக்கு இங்குள்ள கண் மருத்துவமனையில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய தாளில் சொட்டு மருந்து பற்றிய குறிப்பு முழுவதும் ஒரே நீண்ட வாக்கியமாக இருந்தது. எந்த மருந்தை முதலில் விடுவது, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் பொறுப்பது, எத்தனை நாளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பனவெல்லாம் அதற்குள் இருந்தும், எழுபது வயதைக் கடந்த ஒருவரால் அவற்றைப் பிரித்தறிய முடியவில்லை. அதே செய்தியைக் காலை, மதியம், மாலை, இரவு என நான்கு வரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நேராக மருந்துக் குப்பியின் மூடி நிறத்தையும் சொட்டுகளின் எண்ணிக்கையையும் குறித்து, ‘ஒரு மருந்து விட்ட ஐந்து நிமிடம் கழித்து அடுத்த மருந்தை விடவும்’ என்பதைப் பெரிய எழுத்தில் தனியாகப் போட்டு, மருத்துவர் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்ற குறிப்புடன் மருத்துவமனை நிர்வாகியிடம் கொடுத்தேன். நான் என்ன படித்தவன், எந்த இதழில் எழுதியிருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. செவிலியர்கள் நாள் முழுவதும் நோயாளிகளுக்கு வாய்மொழியாக விளக்கிக் களைத்துப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்பதால், அந்தத் தாளின் பயன் அவருக்கு உடனே விளங்கியது. அந்த ஒரு பக்கத்திலிருந்து நீரிழிவு நோயாளிகளுக்கான உணவுக் குறிப்பு வந்தது. அதன்பின் ஆய்வுப் பிரிவின் ஒப்புதல் படிவங்கள் வந்தன.

ஒப்புதல் படிவம் என்பது மொழிபெயர்ப்பாளர்கள் பலர் எட்டிப் பார்க்காத துறை. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, ஓர் ஆய்வில் பங்கேற்பவருக்கு அவருக்குப் புரியும் மொழியில் விவரங்களைத் தந்த பிறகே எழுத்துமூலம் ஒப்புதல் பெற வேண்டும். அதனால் தமிழ்நாட்டில் நடக்கும் மருந்து ஆய்வுகளுக்குத் தமிழ்ப் படிவம் வேண்டியிருக்கிறது. ஆய்வு நெறிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு அதைப் பார்த்து ஒப்ப வேண்டும். அத்துடன், தமிழாக்கத்தை மறுபடியும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் வழக்கம். அந்த இரண்டாவது வேலையை முதல் மொழிபெயர்ப்பாளர் செய்யலாகாது. மூலத்தைக் கண்ணால் பாராத வேறொருவர்தான் செய்ய வேண்டும். ஆகவே ஒருவருக்கு வேலை வந்தால் அவர் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். எனக்குக் கிடைத்த நல்ல வாடிக்கையாளர்களில் சிலரை, இப்படித் தங்களுக்குத் துணையாள் தேடிய சக மொழிபெயர்ப்பாளர்களே அனுப்பிவைத்தார்கள். இதே தொழிலில் இருப்பவரைப் போட்டியாளராக எண்ணி விலகி நிற்பவருக்கு இந்த வாசல் திறப்பதே இல்லை.

அடுத்து அச்சகம். கும்பாபிஷேக மலர், மணிவிழா மலர், கல்லூரிப் பொன்விழா மலர், ஓய்வு பெற்ற ஆசிரியரின் தன்வரலாறு எனக் கையெழுத்துப் படியோடு வருகிறவர்கள் முதலில் ஏறுவது அச்சகத்தின் படியைத்தான். அந்தக் கையெழுத்துப் படி ஒழுங்காக இல்லாவிட்டால் அச்சக உரிமையாளருக்குத்தான் சங்கடம்: திருப்பி அனுப்பினால் வேலை போகும், அப்படியே அச்சிட்டால் பிழைக்கு அவர் பெயர் கெடும். ‘இவரிடம் கொடுங்கள், சரி செய்து தருவார்’ என்று சொல்ல அவருக்கு ஓர் ஆள் தேவை. அந்த ஆளாக நாம் இருப்பதற்கு எழுத்துத் திறமை மட்டும் போதாது. கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியேற்றமான யூனிகோடைத் தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டபோதிலும், அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும் பழைய எழுத்துருக்களும்தாம் இயங்குகின்றன. நாம் யூனிகோடில் தரும் கோப்பு அங்கே மாற்றப்படும்போது கொம்பும் காலும் இடம் மாறுகின்றன, சில எழுத்துகள் காணாமற்போகின்றன. மாற்றிய பிறகு அச்சகத்திலேயே உட்கார்ந்து வரிக்கு வரி பார்த்துக் கொடுப்பவரை எந்த அச்சகத்தாரும் விட மாட்டார். வாரத்தில் ஒரு நாள் மாலையை நான் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த மலருக்கான ஆள் உள்ளே வருவது உண்டு.

பதிப்பகங்களை நாடுகிறவர்களுக்குப் புத்தகக் கண்காட்சியைவிட நல்ல இடம் இல்லை. தை மாதத்தை ஒட்டி நடக்கும் சென்னைக் கண்காட்சி, ஆகஸ்டில் ஈரோடு, எங்கள் ஊரில் கொடிசியா வளாகம் என எல்லா இடத்திலும் பதிப்பாளர்கள் நேரில் இருக்கிறார்கள். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் அவர்களைப் பிடித்துப் பேசுவதில் பயனில்லை. வார நாளில் நண்பகலில் போய், அவர்கள் வெளியிட்ட இரண்டு நூல்களையாவது படித்துவிட்டு, அந்த வரிசையில் அடுத்து வரக்கூடிய ஒரு நூலைச் சொல்லி, அதன் சில பக்கங்களை மொழிபெயர்த்துக் காட்ட வேண்டும். 2023 ஜனவரி முதல் அரசு நடத்திவரும் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியையொட்டி மொழிபெயர்ப்புக்கு நிதி நல்கை தரப்படுகிறது. மைசூரில் இருந்து செயல்படும் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் மொழிபெயர்ப்பாளர்களுக்கான பதிவேடு ஒன்றை வைத்திருக்கிறது. இவற்றில் பெயர் பதிவது நல்லதே. ஆனால் பதிந்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருப்பதை வேலை தேடுவதாகக் கொள்ள முடியாது.

இணையத்தில் ஏலம்போல் கூலியைக் குறைத்துக் கேட்டு வேலை பிடிக்கும் தளங்களைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இல்லை. சொல்லுக்கு இத்தனை பைசா என்று தொடங்கி, அதையும் பாதியாக்க இன்னொருவர் வந்து நிற்கும் இடத்தில் நல்ல தமிழுக்கு மதிப்பு இருக்க வழியில்லை. தட்டச்சு வேலை, மொழிபெயர்ப்பு வேலை தருகிறோம் என்று கூறி முன்பணமோ பதிவுக் கட்டணமோ கேட்பவர்களை இளைஞர்கள் அறவே நம்பக் கூடாது. வேலை தருகிறவர் நமக்குத்தான் பணம் தர வேண்டும். அதேபோல், மாதிரிக்கு ஒரு பக்கம் செய்து காட்டுவது வேறு, ‘தேர்வு’ என்ற பெயரில் முழு அத்தியாயத்தையும் கூலியின்றி வாங்கிக்கொள்வது வேறு. முன்னதை நாமே தேர்ந்து செய்யலாம். பின்னதை மறுத்துவிட வேண்டும்.

புதிய வாடிக்கையாளர் நிலைக்க வேண்டுமானால் கணக்கு வழக்கும் சீராக இருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தில் நம் எழுத்தை விரும்பியவர் மேலாளராக இருக்கலாம், பணத்தை விடுவிப்பவர் கணக்காளர். அவருக்கு எண்ணிட்ட பில்லும், பான் எண்ணும், வங்கி விவரமும் வேண்டும். ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டிய தொழில்முறைக் கட்டணத்துக்கு 10 விழுக்காடு வரி பிடிப்பார்கள் என்பதை அறியாமல் பணம் குறைந்துவிட்டதாகச் சண்டைக்குப் போகிறவரை அவர்கள் மறுமுறை அழைப்பதில்லை. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்காக மத்திய அரசு 2020 ஜூலை முதல் நடைமுறைப்படுத்திவரும் உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். அதில் சேவைத் தொழிலாகப் பதிந்த தனி எழுத்தாளரும் குறுந்தொழில் ஆகிறார். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துமூல உடன்பாடு இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும், இருந்தால் அதில் கண்ட நாளுக்குள்ளும், எப்படியாயினும் 45 நாளைத் தாண்டாமலும் பணம் தர வேண்டும். பதிப்புரிமைக்கும் எழுத்துமூல ஆவணம் அவசியம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும் என்கிறது. காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். இவற்றை முதல் சந்திப்பிலேயே பணிவாகச் சொல்லி, ஒரு பக்க உடன்படிக்கையில் எழுதிக்கொள்வதால் எந்த நல்ல வாடிக்கையாளரும் விலகிப் போனதை நான் கண்டதில்லை.

கணினியே இலவசமாக மொழிபெயர்க்கும்போது ஆள் எதற்கு என்ற கேள்வி இப்போது எல்லா இடத்திலும் வருகிறது. அந்தக் கேள்வியைக் கேட்டவரிடம், அவருடைய கையேட்டையே கணினியில் பெயர்த்து, பிழையான இடங்களைச் சிவப்பில் அடிக்கோடிட்டுக் காட்டுவதே போதுமான விடையாக இருக்கிறது. தவறான ஒரு மருந்தளவுக்கோ மின் இணைப்புக் குறிப்புக்கோ பொறுப்பேற்பவர் யார் என்று யோசிக்கும் நிறுவனம் ஆளைத் தேடவே செய்கிறது.

தங்கள் வாயிலாக இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்துகிறவர்கள், மேடைப் பேச்சுகளுக்கு இடையே ஒரு பகற்பொழுதை ஒதுக்கி, பதிப்பாளர்கள், அச்சக உரிமையாளர்கள், உள்ளூர் நிறுவனத்தார் ஆகியோரும் மொழிபெயர்ப்பாளர்கள், மெய்ப்புத் திருத்துநர்களும் நேரில் சந்திக்க ஏற்பாடு செய்ய வேண்டும். தங்கள் நாளிதழும், படைப்புகளை அனுப்ப வேண்டிய முகவரியை வெளியிடும் அதே கட்டத்தில், ஒவ்வொரு பகுதிக்குமான சன்மானம் எவ்வளவு, எத்தனை நாளில் முடிவு தெரிவிக்கப்படும் என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகன்,
கோயம்புத்தூர்.