சிறுகடை, நடைபாதை வியாபாரிகள் சங்கம்: 2025–26 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். குடிநீர், தெருவிளக்கு மனுக்கள் இணைப்பில் உள்ளன. இவ்வறிக்கை கடனைப் பற்றியது.

தண்டல் எனும் நாள்வசூல் கடன் வாங்குகிறவருக்கு வட்டிக் கணக்கு தெரியாது என்று வெளியில் பேசுகிறார்கள். நன்றாகவே தெரியும். 10,000 என்று பேசி, 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அசல் நாள்தோறும் குறைவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி 78 சதவீதத்தைத் தொடுகிறது. காலையில் 900 வாங்கி மாலையில் 1,000 கொடுப்பது அதைவிடக் கொடுமை. கந்துவட்டி, மீட்டர் வட்டி போன்ற அநியாய வட்டிகள் 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை உண்டு.

இருந்தும் வாங்குகிறோம். மொத்தச் சந்தையில் விடியும் முன் சரக்கெடுக்க ரொக்கம் வேண்டும். முகூர்த்த நாளில் மல்லி விலை ஏறினால் வழக்கமாகப் போடும் முதலீடு பாதிச் சரக்குக்குக்கூடக் காணாது. தண்டல்காரர் கடைக்கே வந்து கொடுக்கிறார், கடைக்கே வந்து வசூலிக்கிறார். வங்கித் தவணையோ மாதம் ஒருமுறை, மொத்தமாக. அன்றன்று விற்று அன்றன்று செலவாகிற கையில் அந்தத் தொகை தேங்குவதில்லை. வட்டியைவிட இதுதான் பலரை வங்கியிலிருந்து விலக்குகிறது.

நடைபாதை வியாபாரிகளுக்கான மத்திய அரசின் பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் வங்கி தரும் கடனுக்குப் பிணை வேண்டாம். 2025 ஆகஸ்டில் முதல் கடன் 10,000இலிருந்து 15,000 ஆகவும், இரண்டாவது 20,000இலிருந்து 25,000 ஆகவும் உயர்ந்தது, மூன்றாவது 50,000. தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் கணக்கில் ஏறும். வட்டி 12 சதவீதம் என்று வைத்தால், 15,000க்கு 12 மாதத் தவணை ஏறக்குறைய 1,333 ரூபாய். கடை மூடும்போது தினம் 45 ரூபாயை அதே கணக்கில் போட்டுவிட்டால் தீர்ந்தது. போடாமல் விட்டு, தவணை நாளில் இருப்பு இல்லையென்றால் அபராதம் விழும், மானியம் போகும், அடுத்த கடனும் தடைப்படும்.

விண்ணப்பம் நிற்பது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான்: ஆதாரில் ஒரு முன்னெழுத்து, பாஸ்புக்கில் வேறொன்று, ஆதாரோடு இணைத்த கைபேசி எண் மாறியிருக்கும், விற்பனைச் சான்றிதழ் இருக்காது. சான்றிதழ் இல்லாதவர்கள் மாநகராட்சி அல்லது நகராட்சியின் பரிந்துரைக் கடிதத்தை முதலில் வாங்க வேண்டும். பெயரைத் திருத்தாமல் வங்கிக்கு நடப்பது வீண் அலைச்சல்.

இன்னொன்று. வங்கிப் பணம் வந்ததும் ஓடிப்போய்த் தண்டலை அடைக்காதீர்கள். வட்டியை முதலிலேயே பிடித்துவிட்டதால், 60ஆம் நாளில் அடைத்தாலும் பாக்கி முழு 4,000தான், சல்லிக்காசு குறையாது. அந்தப் பணத்தைச் சரக்கில் போட்டு, ஓடுகிற தண்டலை நாள்வாரியாகவே முடியுங்கள். அடுத்த தண்டல் எடுக்காதீர்கள். முடிந்த அன்றே, ஈடாகக் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுத்தாளையும் காசோலையையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்