மண்டூர்ப் பாதையில் கேட்ட பாட்டுக்கு நன்றி

சங்கீதம் படிப்பித்த மதிப்புக்குரிய சேருக்கும், இலண்டன் மாமாவுக்கும், மண்டூர்த் தோழிக்கும், பெயர் கேட்காமல் விட்ட, பாதைப் படகு ஓட்டிய அண்ணனுக்கும்,

வணக்கம். போன கிழமை என் சங்கீத வகுப்புப் பிள்ளைகளுக்குக் கர்நாடக சங்கீத வித்துவான் எம். டி. இராமநாதன் பாடிய ‘சாகர சயன விபோ’வைப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் பின் வாங்கில் இருந்த பெடியன், “மிஸ், இன்னொருக்காப் போடுங்க” என்றான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. உங்கள் நாலு பேருக்கும் நான் சொல்லாமல் வைத்திருந்த நன்றியை அன்றிரவே எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் குரல் எனக்கு ஒரு காலத்தில் பிடிக்கவே பிடிக்காது. கல்லடியில் சங்கீதம் படித்தபோது வகுப்பில் அவருடைய ‘சாமஜவரகமனா’ ஒலித்தால் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். அதே கீர்த்தனையைச் சின்ன வயதில் மேடையில் துள்ளலாகப் பாடிப் பரிசு வாங்கியவள் நான். இவரோ பல்லவியின் முதல் சொல்லையே விட்டு நகரமாட்டார். தாழ்ந்த சுருதி, அடித்தொண்டைக் கனம், சொற்களை முன்பின்னாக மாற்றிப் பாடுவது வேறு. பாடகர் ஜி. என். பாலசுப்பிரமணியம் போல வேகமான பிருகாச் சுரங்களைப் பொழிந்தால்தான் கச்சேரி என்று நம்பியிருந்தேன்.

சேர், நீங்கள் என்னோடு வாதாடவில்லை. வயலினை எடுத்து, அந்தக் கீர்த்தனையின் இராகமான இந்தோளத்தின் ஐந்து சுரங்களையும் ஒவ்வொன்றாக வாசித்தீர்கள். ரிஷபமும் பஞ்சமமும் இல்லாத இராகம் அது. “அந்த வெற்றிடத்தை அவர் நடந்து கடக்கிறார், நீ பாய்ந்து கடக்கிறாய்” என்றீர்கள். மறுகா பெட்டியை மூடிவிட்டீர்கள். எனக்கு அன்று கோபந்தான் வந்தது.

மாமா, நீங்கள் சேர்த்துவைத்த கசற்றுகளை எல்லாம் பென் டிரைவில் ஏற்றி, ஒவ்வொரு பாட்டுக்கும் இராகத்தின் பெயரைத் தமிழில் தட்டி அனுப்பினீர்கள். ரீதிகௌளையில் ‘ஜனனி நின்னுவினா’, சகானாவில் ‘கிரிபை’. இரண்டு வருசம் அது என் மேசை லாச்சியில் கிடந்தது. மன்னியுங்க.

அதைக் கண்டெடுத்து என் போனில் ஏற்றியவள் நீதான், தோழி. மண்டூர்த் திருவிழாவுக்கு உன்னோடு வந்த அன்று குருமண்வெளித் துறையில் பாதை ஏறினோம். (வெளியூர் ஆக்களுக்காகச் சொல்கிறேன்: சனத்தையும் வாகனத்தையும் மட்டக்களப்பு வாவிக்குக் குறுக்கே ஏற்றிப்போகும் தட்டைப் படகைத்தான் நாங்கள் பாதை என்கிறோம்.) ஏறினதும் ஒன்றும் சொல்லாமல் என் காதில் இயர்போனைச் செருகினாய். ‘சாகர சயன விபோ’. பாகேஸ்ரீ இராகம். இராமநாதனே இயற்றிய பாட்டு. கடலில் துயில்பவனே என்று கூப்பிடுகிற பாட்டு. வலை போட்டிருந்த ஒரு தோணிக்காகப் பாதைக்கார அண்ணன் வேகத்தைத் தணித்தார். தண்ணீர் அசையவில்லை. இவர் கீழே இறங்கி ஒரு சுரத்தில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அடுத்த சுரம் எங்கே என்று என் மனம் தானாகத் தேடத் தொடங்கியது. அது வந்து சேர்ந்தபோது, அத்தனை வருசம் நான் பாடிய எந்தச் சுரத்தையும் முழுதாகக் கேட்டதில்லை என்று விளங்கியது. கரை வந்ததும் நீ கையைப் பிடித்து இழுத்துத்தான் இறங்கினேன். அண்ணன், உங்கள் அவசரமின்மைக்கு என்ன கைம்மாறு செய்வேன்?

அன்று கோயிலில், பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு செய்யும் வாய்கட்டிப் பூசை நடந்தது. சிறுவயது முதல் பார்த்த பூசைதான். மந்திர ஒலி இல்லாத அந்த நேரம் எனக்கு நீளமாகத் தெரியாதது அன்றுதான்.

வீட்டுக்கு வந்து இரவிரவாகக் கேட்டேன். ‘சாமஜவரகமனா’வுக்குத் திரும்பியபோது விடியத் தொடங்கியிருந்தது. சேர் சொன்ன நடை அப்போது காதில் கேட்டது. தான் இயற்றிய பாட்டுகளில் ‘வரததாசன்’ என்ற பெயரை முத்திரையாக வைத்தவர் இராமநாதன். குரு டைகர் வரதாச்சாரியாரின் அடியவன் என்று பொருள். 1974இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது கடைசிவரை கிடைக்கவில்லை. எனக்கு அதில் இன்றைக்கும் மனத்தாங்கல் உண்டு. 1984இல் அறுபது வயதில் போய்விட்டார். அவருக்கு நேரே நன்றி சொல்ல வழியில்லை.

சேர், நீங்கள் ஓய்வுபெற்று வீட்டில் இருப்பதாக அறிந்தேன். வாற மாதம் என் பிள்ளைகள் இந்தோளம் தொடங்குகிறார்கள். வயலினோடு ஒருநாள் வரவேண்டும். முன் வாங்கில் நானும் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் மாணவி
களுவாஞ்சிகுடி