ஃபோல்கோரேக்கு ரிங் போடப் பயப்படுற மாப்ளைக்கு

மாப்ள,

உன் மெசேஜ் பாத்தேன். ரெண்டாம் உலகப்போர்ல பறந்த இத்தாலி போர் விமானம் மக்கி 202 ஃபோல்கோரேவோட மாடல் கிட் வாங்கி வெச்சிருக்க, பெட்டிய தொறந்து பாக்குற, அது மேல பெயிண்ட்ல போட வேண்டிய அந்த பச்சை ரிங்குகள நெனச்சு திரும்ப மூடி வெச்சிடுற. இதே விஷயத்த இன்னும் சில பேரும் எங்கிட்ட கேட்டுட்டாங்க, அதனால வாட்சப்புல துண்டு துண்டா அனுப்புறதுக்குப் பதிலா உன் பேருக்கு ஒரு லெட்டரா இங்கயே போட்டுடறேன். அக்கா படிச்சா "படிக்கிற புள்ளைக்கு இத போயி சொல்லிக்குடுக்குறியேடா"ன்னு என்னத்தான் திட்டும், பரவால்ல.

மொதல்ல ஒண்ணு மனசுல வாங்கிக்க. இந்த ப்ளேன்ல எதுவும் ரெண்டு பக்கமும் ஒரே அளவா, ஒரே மாதிரி இருக்கணும்னு யாரும் செய்யல. விங்குலேருந்தே அது ஆரம்பிக்குது. இடது விங் வலது விங்க விட சுமார் 20 செ.மீ நீளம். நீ விங்க ஒட்டி முடிச்சதும் நடுவுலேருந்து ஸ்கேல் வெச்சுப் பாரு, 1/48-ல, அதாவது நிஜத்துல 48-ல ஒரு பங்கு சைஸ்ல, கிட்டத்தட்ட 4 மி.மீ வித்தியாசம் வரும். பாக்கறவன் எவனாவது "கோணலா ஒட்டிருக்க"ன்னு சொல்லுவான், சொல்லட்டும். அத சரி பண்றேன்னு நீ வாட்டர் பேப்பர கையில எடுத்துடாத, அதான் முக்கியம்.

ஏன் அப்படின்னா, பைலட் சீட்டுலேருந்து பாத்தா ப்ரொபெல்லர் கடிகாரம் சுத்துற திசையில சுத்துது, அந்த விசைக்கு எதிரா மொத்த ப்ளேனும் இடது பக்கமா சாயப் பாக்கும். இடது விங்க கொஞ்சம் நீட்டி விட்டா அந்தப் பக்கம் கூடுதலா தூக்கும், சாயறது ஈடாயிடும். இத டிசைன் பண்ண மாரியோ காஸ்டோல்டி மக்கி கம்பெனியோட சீப் டிசைனர், வட இத்தாலில வரேசே ஊரு. அவருக்கு இந்த முறுக்கு விசையோட ரொம்ப காலத்து சண்டை. போருக்கு முன்னாடி ரேஸ் சீப்ளேனுக்கு, தண்ணிலேருந்து கெளம்பி தண்ணில எறங்குற ப்ளேனுக்கு, பேர்போன ஆளு அவரு, 1926-ல அமெரிக்கா போயி ஷ்னைடர் கோப்பைங்கற சீப்ளேன் ரேஸ ஜெயிச்ச எம்.39 அவரோடதுதான். அப்புறம் எம்.சி.72-ன்னு ஒண்ணு செஞ்சாரு, அதுல ரெண்டு ப்ரொபெல்லர ஒண்ணுக்கு முன்னாடி ஒண்ணா எதிரெதிர் திசையில சுத்த விட்டு முறுக்கையே இல்லாம பண்ணிட்டாரு. 1934 அக்டோபர் 23-ல பிரான்செஸ்கோ அஜெல்லோ கார்டா ஏரி மேல அத மணிக்கு 709 கி.மீ வேகத்துல ஓட்டினாரு. பிஸ்டன் இன்ஜின் சீப்ளேன்ல அந்த ரெக்கார்ட இன்னிக்கு வரைக்கும் யாரும் தொடல. போர் விமானத்துல ரெண்டு ப்ரொபெல்லருக்கெல்லாம் வழியில்ல, அதனால அதே பிரச்சனைக்கு அதே மனுஷன் வேற பதில் சொல்லிருக்காரு, அந்த பதில்தான் உன் கையில இருக்கப்போற அந்த 4 மி.மீ. எனக்கு இந்த ப்ளேன் மேல இவ்ளோ பிரியம் வந்ததே இந்த ஒரு விஷயத்துனாலதான்.

இன்ஜின் கதைய சுருக்கமா சொல்லிடறேன். இதுக்கு முன்னாடி வந்த சி.200-ல சிலிண்டருங்க வட்டமா நிக்கற ரேடியல் இன்ஜின், மூக்கு தடிமனா இருக்கும். ஜெர்மன்காரங்க மெஸ்ஸர்ஷ்மிட் 109-ல வெச்சிருந்த டைம்லர் பென்ஸ் டிபி 601 கெடச்சதும் காஸ்டோல்டி சி.200 விங்கையும் வாலையும் அடிப்படையா வெச்சுக்கிட்டு மூக்க ஒல்லியா இழுத்துட்டாரு, 1940 ஆகஸ்ட் 10-ல மொத தடவ பறந்துடுச்சு. பின்னாடி அதே இன்ஜின ஆல்ஃபா ரோமியோ லைசன்ஸ் வாங்கி இத்தாலிலயே செஞ்சாங்க. வேகம் மணிக்கு 600 கி.மீ-ய தொட்டுச்சு, ஆனா துப்பாக்கி மட்டும் மூக்குல ரெண்டு 12.7 மி.மீ ப்ரெடா, அவ்வளவுதான், பின்னாடி வந்த சிலதுல விங்குல ரெண்டு 7.7 சேத்தாங்க. இவ்ளோ அழகான ப்ளேனுக்கு அது ரொம்ப கம்மி. நீ கிட்ல துப்பாக்கிக் குழாய ஒட்டறதுக்கு முன்னாடி நீ செய்யப்போற ப்ளேனுக்கு விங் துப்பாக்கி உண்டா இல்லையான்னு பாத்துக்க.

சரி, ரிங்குக்கு வருவோம்.

அடிக்கலர் நொச்சோலா கியாரோ, வெளிறின மண் கலர். அது மேல வெர்தே ஒலிவா ஸ்கூரோ, கரும்பச்சை, அதுலதான் அந்த புகை வளையங்கள். அடிப்பக்கம் க்ரிஜோ அசூர்ரோ கியாரோ, லேசான நீலம் கலந்த சாம்பல். பச்சைய பாக்டரில வேல செஞ்சவங்க ஸ்ப்ரே கன்ன கையில புடிச்சு ஸ்டென்சில் ஏதும் இல்லாம நேரா அடிச்சிருக்காங்க. ஒரு வளையம் முழுசா மூடியிருக்கும், பக்கத்துல உள்ளது பாதில நின்னுருக்கும், ஒண்ணு நசுங்கின முட்டை மாதிரி, ஒண்ணுக்குள்ள இன்னொண்ணு லேசா ஏறியிருக்கும். பழைய போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தா ஆளு எங்க கைய திருப்பினான், எங்க ட்ரிக்கர விட்டான்னு கூட புடிச்சுடலாம்: வளையம் ஆரம்பிச்ச எடத்துல கோடு தடிமனா இருக்கும், முடியற எடத்துல புகையா கரைஞ்சிருக்கும். நீ பயப்படுறியே, ஒவ்வொரு ரிங்கும் ஒண்ணா வரணுமேன்னு, அப்படி வந்தாதான் தப்பு. காம்பஸ் வெச்சுப் போட்ட மாதிரி வட்டம் வட்டமா வந்துட்டா அது ஃபோல்கோரேவே கெடையாது.

ஆனா அதுக்காக இஷ்டத்துக்கு அடிக்கலாம்னு அர்த்தம் இல்ல. ஃபோல்கோரேவ மூணு கம்பெனி செஞ்சிருக்காங்க, மக்கி, ப்ரெடா, சாய் அம்ப்ரோசினி, அதுல ப்ரெடாதான் அதிகம். ஒவ்வொரு பாக்டரிக்கும் ரிங்கோட நெருக்கம், தடிமன், சைஸ் எல்லாமே வேற. எந்த ப்ளேன் எந்த பாக்டரின்னு கண்டுபிடிக்க உடம்போட பின்பக்கம் சின்ன எழுத்துல எம்.எம்.-னு போட்டு ஒரு ராணுவ சீரியல் நம்பர் இருக்கும், அந்த நம்பர வெச்சு எந்தத் தொகுதி, யாரு செஞ்சதுன்னு சொல்லிடலாம். அதனால பெட்டிக்குள்ள இருக்குற பெயிண்டிங் படத்த மட்டும் நம்பாம, ஒரே ஒரு ப்ளேன தேர்ந்தெடு, அதோட போட்டோ ஒண்ணாவது கெடைக்குதான்னு பாரு, அந்த ப்ளேன மட்டும் செய். பொதுவா ஒரு ஃபோல்கோரேன்னு செஞ்சா பாக்டரி ஒண்ணு, ரிங் இன்னொண்ணு, ஸ்குவாட்ரன் நம்பர் வேற ஒண்ணுன்னு கலவையா போயிடும்.

இப்ப கை வேல. உங்கிட்ட இருக்கற 0.3 நீடில் ஏர்பிரஷ்ஷே போதும், 0.2 இருந்தா சொகம். நிஜத்துல 5 செ.மீ தடிமன்ல ஒரு கோடுன்னா 1/48-ல ஒரு மி.மீ-தான் வரும், அதனால பெயிண்ட நீர்மோர் பதத்துக்குக் கரைச்சுக்க, ஒரு பங்கு பெயிண்டுக்கு மூணு பங்கு தின்னர். கம்ப்ரசர 10 பி.எஸ்.ஐ பக்கத்துல எறக்கு. நுனில இருக்கற நீடில் கேப்ப கழட்டிட்டா இன்னும் கிட்ட போகலாம், ஒரு செ.மீ தூரம், ஆனா நீடில் எதுலயும் முட்டக்கூடாது, முட்டினா நுனி வளைஞ்சுடும். மொதல்ல காத்து மட்டும் விடு, அப்புறம் ட்ரிக்கர மயிரிழை அளவுக்குப் பின்னாடி இழு, கைய நிறுத்தாம ஓட்டு. பெயிண்ட் சிலந்திக் கால் மாதிரி தெறிச்சு ஓடுச்சுன்னா ப்ரெஷர் ஜாஸ்தி, இல்லன்னா ஒரே எடத்துல நின்னுட்டன்னு அர்த்தம். புள்ளி புள்ளியா விழுந்தா நுனில காஞ்ச பெயிண்ட் ஒட்டிருக்கு, தின்னர்ல நனைச்ச பட்ஸ வெச்சு லேசா தொடச்சுட்டுப் போ.

ஏதாவது பழைய தண்ணி பாட்டிலுக்கு ப்ரைமர் அடிச்சு அதுல பழகு, தட்டையான அட்டைல பழகுனா போதாது, உடம்பு வளைவுல கை எப்படித் திரும்புதுன்னு தெரியணும். கிட்ல அடிக்கறப்ப கண்ணுக்கு அதிகம் படாத எடத்துலேருந்து ஆரம்பி, பின்னாடி வால் விங், அப்புறம் மெயின் விங், மூக்குப் பக்கம் கடைசி. அதுக்குள்ள கை சூடாயிருக்கும்.

இதுல யாரும் சரியா சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. ரிங் தடிமனா போயிடுச்சா, கழுவ வேணாம், அழ வேணாம். ஏர்பிரஷ்ல நொச்சோலாவ போட்டு ரிங்குக்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஓரத்த ஒட்டித் திரும்ப ஓட்டு, பச்சை தானா ஒல்லியாயிடும். மண் கலர், பச்சை, திரும்ப மண் கலர்னு மாறி மாறிப் போறதுதான் இந்த வேலையே, ஒரே மூச்சுல வர்றவங்க ரொம்ப கம்மி. எல்லாம் முடிஞ்சதும் நொச்சோலாவ இன்னும் நல்லா கரைச்சு மொத்தத்துக்கும் ஒரு மெல்லிசான பூச்சு விடு, பச்சை அடங்கி அடிக்கலரோட ஒட்டிக்கும், பாலைவன வெயில்ல வெளுத்த மாதிரியும் வரும்.

ரிங்க டீகாலாவே, தண்ணில நனைச்சு ஒட்டற ஸ்டிக்கரா, விக்கறாங்க, தெரியும். 1/72 செய்யறவங்க வாங்குனா நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா 1/48-ல அந்த ஓரம் கத்தி வெச்சு வெட்டுன மாதிரி நிக்கும், புகை மாதிரி கரையாது.

லாக்கர் பெயிண்ட்தான் இந்த மெல்லிசு கோட்டுக்கு என் ஓட்டு, அக்ரிலிக் நம்ம சூட்டுல நுனிலயே காஞ்சு போகுது. ஆனா மழக்காலத்துல லாக்கர் அடிச்சா ஈரம் புடிச்சு மேல வெள்ளையா பூத்துடும், அதனால ஏர் லைன்ல ஈரத்த புடிச்சு வெக்கற மாய்ஸ்சர் ட்ராப் கண்டிப்பா மாட்டு, கொட்டுற மழையில அடிக்காத. ஹாஸ்டல் ரூம்ல ஜன்னல சாத்திட்டு லாக்கர் அடிக்கவே கூடாது, துணி மாஸ்க் எல்லாம் இதுக்கு ஆகாது, வேபர் கார்ட்ரிட்ஜ் வெச்ச ரெஸ்பிரேட்டர் வாங்கு, காசு நான் தர்றேன்.

இன்னொண்ணு, உடம்பு பின்பக்கத்துல வர்ற வெள்ளைப் பட்டையையும் வால்ல வர்ற வெள்ளைச் சிலுவையையும் மொதல்லயே அடிச்சு மாஸ்கிங் டேப் போட்டுடு. கரும்பச்சை மேல வெள்ளை ஏத்தணும்னா கோட்டு மேல கோட்டு போட்டு தடிச்சுப் போகும்.

அப்புறம் உன் ரூம்மேட் கேட்டதா சொன்னியே, பாசிஸ்ட்காரன் ப்ளேன எதுக்குடா செய்யறன்னு. நல்ல கேள்வி, அத லேசா விட்டுடாத. வால்ல உள்ள சிலுவை இத்தாலிய ஆண்ட சவோய் ராஜ குடும்பத்தோடது, ஆனா விங்குல வட்டத்துக்குள்ள வர்ற அந்த மூணு கம்புக் கட்டும் கோடாலியும் முசோலினி கட்சியோட சின்னம். 1940 ஜூன் 10-ல அந்த ஆளு போர அறிவிச்சாரு, இந்த ப்ளேன் அந்தப் போருக்காகப் பறந்துச்சு. 1941 நவம்பர்ல லிபியால மர்துபாவுக்கு ஃபோல்கோரேங்க வந்து எறங்குனப்ப எதிர்ப்பக்கத்துல பிரிட்டிஷ்காரங்களோட நாலாவது இந்திய டிவிஷன் இருந்துச்சு. அந்த டிவிஷனோட இன்ஜினியர் கம்பெனிகள்ல நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆளுங்களும் வட ஆப்பிரிக்காவுல வேல பாத்திருக்காங்க. தமிழ்நாட்டுப் பசங்க தலைக்கு மேல எதிரியா பறந்த ப்ளேன் வகை இது. அதனாலதான் சொல்றேன், அந்த சின்னத்த ஒட்டாம மறைக்காத, பெருமையாவும் காட்டாத. இருந்தத இருந்தபடி ஒட்டு, கேக்கறவங்களுக்கு என்னன்னு சொல்லு. 1943 ஜூலை 25-ல முசோலினி பதவி போனதுக்கப்புறம் சில ப்ளேன்கள்ல அத பெயிண்ட் அடிச்சு மறைச்சாங்க, செப்டம்பர் 8 போர் நிறுத்தத்துக்கு அப்புறம் தெற்குல நேச நாடுகள் பக்கம் சேந்த ஃபோல்கோரேங்க இத்தாலி மூவர்ண வட்டத்தோட பறந்துச்சு. கட்டு வேணாம்னு உனக்கு மனசு உறுத்துச்சுன்னா அந்த மாதிரி ஒண்ண எடுத்து செய், அதுவும் உண்மையான ப்ளேன்தான்.

என்னைக் கேட்டா நாலாவது ஸ்டோர்மோ ப்ளேன் ஒண்ணு எடு, ஸ்டோர்மோன்னா இத்தாலி விமானப்படைல ஒரு பிரிவு. அவங்க சின்னம் பாயுற குதிரை, மொத உலகப்போர் பைலட் பிரான்செஸ்கோ பராக்காவோடது, அதே குதிரைதான் பின்னாடி ஃபெராரி கார்ல ஏறுச்சு. பூனை மூணு எலிய புடிக்கற சின்னம் உள்ள 51-வது ஸ்டோர்மோவும் சிசிலிலேருந்து மால்டாவ தாக்கப் பறந்தவங்க, அதுவும் அழகா இருக்கும். ஆப்பிரிக்கா ப்ளேன்னா இடது பக்க மூக்குல சாண்ட் ஃபில்டர் வரும், ஒட்ட மறந்துடாத. மெட்டல் தெரியற மாதிரி சுரண்டி விடறத மட்டும் அளவா வெச்சுக்க, விங் உடம்போட சேர்ற பக்கம் ஆளு மிதிச்சு ஏறுற எடம், காக்பிட் ஓரம், அவ்ளோ போதும், இவ்ளோ பாடுபட்டுப் போட்ட ரிங்க சுரண்டி அழிச்சுடுவ.

காக்பிட் உள்பக்கம் வெளிர் பச்சை, இந்த ஞாயித்துக்கிழம அத முடிச்சுடு. எந்த ப்ளேன்னு முடிவு பண்ணினதும் போட்டோவ எனக்கு அனுப்பு, எம்.எம். நம்பர் தெளிவா தெரியுதான்னு பாத்துட்டு எந்த பாக்டரின்னு சொல்றேன், அதுக்கப்புறம் பச்சை பாட்டில தொற.

உன் மாமா