மூன்றாவது தட்டு 1968ஆம் ஆண்டுப் பதிவு அல்ல

அன்புள்ள முரளிக்கு,

உன் கடிதமும் பதினொரு சோவியத் இசைத்தட்டுகளின் பட்டியலும் கிடைத்தன. பட்டியலைப் படித்த மகிழ்ச்சியோடு உடனே எழுதுகிறேன். மூன்றாவது தட்டுக்கு எதிரே ‘கச்சத்தூரியன், செல்லோ கான்செர்ட்டோ, க்னுஷெவிட்ஸ்கி, 1968’ என்று குறித்திருக்கிறாய். செல்லோ என்ற பெரிய வில் வாத்தியம் தனித்து வாசிக்க, இசைக்குழு உடன் வருமாறு சோவியத் ஆர்மீனிய இசையமைப்பாளர் கச்சத்தூரியன் எழுதிய படைப்பு அது. அந்த 1968ஐ அடித்துவிடு. அதில் செல்லோ வாசித்த ஸ்வியாதஸ்லாவ் க்னுஷெவிட்ஸ்கி 1963இலேயே காலமாகிவிட்டார். லேபிளில் நீ பார்த்தது ‘கோஸ்ட் 5289-68’ என்ற வரியாகத்தான் இருக்கும். அது சோவியத் அரசின் தர நிர்ணய எண். இசைத்தட்டு எப்படி இருக்க வேண்டும் என்ற விதி 1968இல் திருத்தப்பட்டதை அது சொல்கிறது, அவ்வளவுதான். 56, 61, 68, 73, 80 என்று அந்தக் கடைசி எண் மாறிக்கொண்டே வரும். 68 என்று இருந்தால் 1968க்கும் அடுத்த விதி வந்த 1973க்கும் நடுவே அச்சானது என்று ஏறக்குறைய எடுத்துக்கொள். உள்ளே இருக்கும் ஒலிப்பதிவு அதைவிட மிகவும் மூத்ததாக இருக்கலாம். விற்பவர்களில் பலர் இந்த எண்ணையே பதிவான ஆண்டாகப் போட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

லேபிளில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. தட்டு எண்ணுக்கு முன்னால் வரும் ரஷ்ய எழுத்து. இரண்டு சின்னக் கால்கள் மேல் நிற்கும் ஓட்டுவீடு போல ஓர் எழுத்து இருந்தால் அது ‘ட’. பழைய மோனோ எல்.பி. என்று அர்த்தம். அதையடுத்த எண் ஒற்றைப் பூஜ்யத்தில் தொடங்கினால் தட்டு 30 செ.மீ., பூஜ்யம் இல்லாமல் தொடங்கினால் 25 செ.மீ. ஆங்கில ‘சி’ போலத் தெரிவது ரஷ்ய மொழியில் ‘ஸ’, ஸ்டீரியோ. 1970களின் நடுவில் எண்முறை மாறிய பிறகு ‘எம்’ மோனோ ஆயிற்று. ‘ஸ10’ என்று இருந்தால் முதல் எண் 1 சிம்பொனி, ஓபரா, அறை இசை வகையையும், அடுத்த 0 தட்டின் அளவு 30 செ.மீ. என்பதையும் குறிக்கும். ‘05675-6’ போன்ற எண் இரண்டு பக்கங்களுக்குமானது. ஒரு பக்கம் 05675, மறுபக்கம் 05676. நீ அதை ஒரே எண்ணாக எழுதியிருக்கிறாய். இரண்டு தட்டுகளில் அச்சான ஒரே பதிவைக் கண்டுபிடிக்கப் பக்க எண்தான் துணை. ஆலையின் பெயர் லேபிளில் இருக்கும்: அப்ரெலெவ்கா, லெனின்கிராட், ரீகா, தாஷ்கண்ட், திபிலிசி. ஒரே பதிவு பல ஆலைகளில் அச்சாகியிருக்கும். ஆகவே ஒன்று இரைகிறது என்பதற்காக அந்தப் பதிவையே ஒதுக்கிவிடாதே.

இனி இசைக்கு வருகிறேன். கச்சத்தூரியனின் மூன்று கான்செர்ட்டோக்களில் செல்லோவுக்கானதுதான் மட்டம் என்று பலரும் எழுதுகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. 1936இல் பியானோ, 1940இல் வயலின், 1946இல் செல்லோ. லெவ் ஒபோரின், டேவிட் ஓய்ஸ்ட்ராக், க்னுஷெவிட்ஸ்கி என்று ஒரே மூவர் குழுவில் சேர்ந்து வாசித்தவர்களுக்கு ஆளுக்கொன்று அமைந்தது. கச்சத்தூரியன் மாஸ்கோவுக்கு வந்து நெசின் இசைப்பள்ளியில் முதலில் கற்றது செல்லோதான். இசையமைப்பு அதன் பிறகு. எந்தத் தந்தியில் எந்த இடத்தில் குரல் தடிக்கும் என்பது கைப்பழக்கமாகத் தெரிந்தவர் எழுதியது இது. 1946 அக்டோபர் 30 அன்று மாஸ்கோ கன்சர்வேட்டரியின் பெரிய அரங்கில் அலெக்சாண்டர் கவுக் இசைக்குழுவை நடத்த, க்னுஷெவிட்ஸ்கி முதன்முதலில் வாசித்தார். பதினைந்து மாதங்களில், 1948 பிப்ரவரியில், கம்யூனிஸ்ட் கட்சியின் தீர்மானம் கச்சத்தூரியனையும் குற்றவாளிகள் வரிசையில் நிறுத்தியது. ஒரு புதிய படைப்பு வேரூன்ற அவகாசமே கிடைக்கவில்லை.

அதைவிடப் பெரிய காரணம் ஒலிப்பதிவில் இருக்கிறது. வயலின் இசைக்குழுவுக்கு மேலே பறந்து தப்பித்துவிடும். பியானோ ஒவ்வொரு சுரத்தையும் அடித்துச் சொல்லிவிடும். செல்லோவின் குரல் இருக்கும் இடத்தில்தான் வயோலாக்கள், பாசூன்கள், கொம்புகள் எல்லாம் இருக்கின்றன. கச்சத்தூரியன் இசைக்குழுவை எப்போதும் அடர்த்தியாகத்தான் எழுதுவார். மைக் தள்ளியிருந்தால் முதல் இயக்கத்தில், அதாவது முதல் பகுதியில், செல்லோ காட்டாற்றில் விழுந்த கட்டை மாதிரி வந்துவந்து மறையும். கிட்டே வைத்தால் இசைக்குழு சுருங்கிவிடும். க்னுஷெவிட்ஸ்கி பதிவில் மைக் கிட்டே இருக்கிறது. பின்னால் இசைக்குழு மங்கல். ஆனாலும் நீ முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். அஷூக் எனப்படும் காக்கேசியப் பாணர்கள் ஒரு சுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, அதை விட்டுப் போக மனமில்லாமல் மறுபடி அங்கேயே இறங்குவார்கள். அந்தச் சொற்கள் இந்த வில்லில் அவசரமில்லாமல் வருகின்றன. நம் காதுக்கு இது சட்டென்று பிடிபடும். மாயாமாளவகௌளையில் ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் இருக்கும் அந்த அகலமான தாண்டல் இங்கே அடிக்கடி வரும். பிற்காலப் பதிவுகளில் மரினா தரசோவா வாசித்து வெரோனிகா துதாரோவா நடத்தியது கிடைத்தால் பக்கத்தில் வைத்துக் கேள். இசைக்குழுவில் என்ன நடக்கிறது என்பது அதில் தெரியும்.

க்னுஷெவிட்ஸ்கியின் பெயரை உன் பட்டியலில் வேறு இடங்களிலும் தேடு. 1945இல் மியஸ்கோவ்ஸ்கி, 1946இல் கச்சத்தூரியன், 1949இல் கபலேவ்ஸ்கியின் முதலாவது என்று மூன்று இசையமைப்பாளர்களின் செல்லோ கான்செர்ட்டோக்களை முதன்முதலில் மேடையேற்றியவர் அவர். அந்தத் தலைமுறையின் செல்லோ என்றால் அவர் குரல்தான். பிறகு ரோஸ்ட்ரோபோவிச் என்ற செல்லோ கலைஞர் வந்தார், செல்லோவுக்கு எழுதும் விதமே மாறியது. கச்சத்தூரியனே அதற்குச் சாட்சி. 1963இல் ரோஸ்ட்ரோபோவிச்சுக்காக எழுதிய கான்செர்ட்டோ-ராப்சடி ஒரே நீண்ட இயக்கம். அதன் தொடக்கத்திலேயே செல்லோ தனியாக நெடுநேரம் பேசுகிறது. இசைக்குழு விலகி நின்று இடம் கொடுக்கிறது. பதினேழு ஆண்டுகளுக்கு முன் செல்லோவை மூடிய அதே கை எழுதியதா என்று தோன்றும். இரண்டையும் ஒரே மாலையில் கேள். ராப்சடிக்குக் கரினே கியோர்கியன் வாசித்த பதிவையும் தேடு. மாஸ்கோவில் பிறந்த ஆர்மீனியப் பெண், 1966 சைக்கோவ்ஸ்கி போட்டியில் முதல் பரிசு பெற்றவர். 1969இல் அமெரிக்காவில் கச்சத்தூரியனே நடத்த இதை வாசித்தார். ரோஸ்ட்ரோபோவிச்சைவிட நிதானம், ஆனால் அழுத்தம் குறையாது.

ஆர்மீனிய இசையமைப்பாளர் அர்னோ பாபஜான்யனின் 1962ஆம் ஆண்டு செல்லோ கான்செர்ட்டோவும் ரோஸ்ட்ரோபோவிச்சுக்கு எழுதியதுதான். உன் பட்டியலில் அது இல்லை. எங்கே கண்டாலும் விடாதே. பாபஜான்யன் பியானோவிலும், ஓய்ஸ்ட்ராக்கும் க்னுஷெவிட்ஸ்கியும் உடனுமாக அவருடைய 1952 டிரியோவை, அதாவது மூவர் வாசிக்கும் படைப்பை, பதிந்திருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டுக் கான்செர்ட்டோவுக்குப் போனால் பத்து ஆண்டுகளில் அவர் எவ்வளவு தூரம் நகர்ந்தார் என்பது தெரியும். செல்லோ கலைஞர் மெதேயா அப்ரகாம்யன் பெயர் தாங்கிய தட்டு எது கிடைத்தாலும் வாங்கு. ரோஸ்ட்ரோபோவிச்சின் மாணவி, எரெவான் கன்சர்வேட்டரியில் கற்பித்தவர். ஆர்மீனிய இசையமைப்பாளர்கள் பலர் அவரை மனத்தில் வைத்தே எழுதினார்கள்.

ரோஸ்ட்ரோபோவிச் தட்டுகளில் மட்டும் ஆண்டை உன்னிப்பாகப் பார். 1974இல் அவர் சோவியத் நாட்டை விட்டுப் போனார். 1978இல் குடியுரிமை பறிக்கப்பட்டது, 1990இல்தான் திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் அங்கே அவர் பெயரே புழக்கத்திலிருந்து ஒதுக்கப்பட்டது. எனவே உன்னிடம் இருப்பவை பெரும்பாலும் 61, 68, 73 எண் கொண்ட அச்சுகளாகத்தான் இருக்கும். 80 என்று எதிலாவது இருந்தால் எனக்குக் கட்டாயம் எழுது.

சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் இரண்டு செல்லோ கான்செர்ட்டோக்கள் பற்றிக் கேட்டிருந்தாய். முதலாவதை 1959 அக்டோபர் 4 அன்று லெனின்கிராடில் ம்ராவின்ஸ்கி நடத்த ரோஸ்ட்ரோபோவிச் அரங்கேற்றினார். அடுத்த மாதமே பிலடெல்ஃபியாவில் ஆர்மண்டி இசைக்குழுவை நடத்தப் பதிந்தார். மை காயாத நிலையில் வாசித்த வேகம் அதில் இருக்கிறது. பித்தளை வாத்தியம் என்று அதில் இருப்பது ஒரே ஒரு கொம்பு. அந்த ஒற்றைக் கொம்பு செல்லோவுக்குச் சரிக்குச் சரி நிற்கிறதா என்பதுதான் ஒலிப்பதிவுக்கு நான் வைக்கும் சோதனை. கபலேவ்ஸ்கியின் இரண்டாவதை தனீல் ஷஃப்ரான் வாசிக்க இசையமைப்பாளரே நடத்திய பதிவுக்கு ஈடே இல்லை. விரலால் மீட்டும் மெல்லிய ஒலியில் தொடங்குகிறது. அந்த இடம் தட்டின் வெளி விளிம்பில் வருவதால் விளிம்பு நெளிந்திருந்தால் ‘உஸ்... உஸ்...’ என்று சுற்றுக்கொரு முறை கேட்கும். தட்டு தேய்ந்ததாக நினைத்துவிடாதே.

கணினியில் ஏற்றுவது பற்றி. எல்.பி.க்களை முதலில் கழுவு. காய்ச்சி வடித்த நீர் ஒரு லிட்டருக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 100 மி.லி. போதும். பள்ளத்தின் போக்கிலேயே பிரஷ்ஷால் தடவி, வெறும் வடிநீரில் மறுபடி அலசி, அரை மணியாவது காயவிடு. ஆனால் உன்னிடம் உள்ள 78 சுற்றுத் தட்டு இரண்டுக்கும் ஆல்கஹால் படவே கூடாது. அவை அரக்கு, கரைந்துவிடும்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதி. உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள். மோனோ தட்டு என்றாலும் இரண்டு சேனலையும் தனித்தனியாகப் பதிந்து, இடதை மட்டும், வலதை மட்டும் கேட்டுப் பார். பள்ளத்தின் ஒரு சுவர் அதிகம் தேய்ந்திருந்தால் நல்ல சுவரை மட்டும் வைத்துக்கொள். இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் சேர்த்துவிடு. ஊசி மேலும் கீழும் ஆடுவதால் வரும் இரைச்சல் தானாகவே அடங்கும். 25 மைக்ரான் உருண்டை முனை ஊசி ஒன்று வாங்கிக்கொண்டால் பழைய மோனோ தட்டுகளுக்கு இன்னும் நல்லது.

வேகம் சரியா என்று பார்க்க ஒரு வழி. பழைய பதிவுகளில் சோவியத் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் பல நேரம் பதிந்திருக்கும். அது 51இல் தெரிந்தால் தட்டு 2 சதவீதம் வேகமாக ஓடுகிறது. சுருதி அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது. 150 ஹெர்ட்ஸில் இருக்கும் அதன் மேல்சுரத்தில் அளந்தால் பிழை மூன்று மடங்காகத் தெரியும். சிக்கல் என்னவென்றால் நம் மின்சாரமும் 50தான். எனவே மோட்டார் ஓட, ஊசியைத் தூக்கி வைத்து ஒரு நிமிடம் பதிந்து, உன் கருவியின் முனகல் எது என்று முதலில் அடையாளம் கண்டுகொள். ஒரு சதவீதத்துக்குள் இருக்கும் வித்தியாசத்தைத் தொடாதே.

இரைச்சல் நீக்கும் மென்பொருளைக் கடைசி வரை தள்ளிப்போடு. வில் தந்தியில் உராயும் அந்தச் சொரசொரப்பு, தட்டின் இரைச்சல் இருக்கும் அதே அலைவரிசையில்தான் இருக்கிறது. அதை வழித்தால் இதுவும் போய், செல்லோ மெழுகுப் பொம்மை ஆகிவிடும். ‘டிக்’ சத்தங்களைத் தானியங்கி முறையில் நீக்காதே, கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாக நீக்கு. ஷோஸ்தகோவிச்சின் இரண்டாவது கான்செர்ட்டோவின் முடிவை எடுத்துக்கொள். செல்லோ ஒரே ‘டி’ சுரத்தை நீட்டிப் பிடித்திருக்க, பின்னால் தாள வாத்தியங்கள் மட்டும் கடிகாரம் மாதிரித் தட்டிக்கொண்டே தேய்கின்றன. மென்பொருளுக்கு அது இசை என்று தெரியாது. தூசி என்று நினைத்து ஒவ்வொரு தட்டலையும் மழுக்கிவிடும். அப்படிச் சிதைந்த கோப்புகள் கைமாறிக்கொண்டிருக்கின்றன. நீ அனுப்பிய மாதிரியிலும் கடைசி நாற்பது நொடிகளில் அதுதான் நடந்திருக்கிறது. மூலக் கோப்பு இருந்தால் அங்கிருந்து மறுபடி தொடங்கு.

தட்டின் கடைசிச் சுற்றுகளில் குரல் நசுங்குவதாக எழுதியிருந்தாய். அது உன் ஊசியின் குற்றமல்ல. வெளி விளிம்பில் நொடிக்கு 51 செ.மீ. ஓடும் பள்ளம், உள்ளே வந்ததும் 21 செ.மீ.தான் ஓடுகிறது. கான்செர்ட்டோவின் மிக உரத்த பகுதி சரியாக அங்கே வந்து மாட்டுகிறது. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தை உட்பக்கம் 66 மி.மீ. ஆரத்தில் சரிபார்த்தால் பாதி குறையும். மீதியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது தட்டின் லேபிளை ஒட்டி, இசை ஓடாத வழவழப்பான இடத்தில் சாய்வு வெளிச்சம் பட்டால் ஓர் எண் தெரியும். சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ளதையும் விடாமல் அப்படியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
சேது