செம்பனை மறுநடவின்போது ஆற்றங்கரையை விட்டுவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மலேசியாவின் சபா மாநிலத்தில், சண்டக்கானில் வேலை பார்க்கும் மகன் என்னைக் கினபத்தாங்கான் ஆற்றுக்குப் படகில் அழைத்துப் போனான். கரையோர அத்திமரத்தில் ஓர் ஓராங் ஊத்தான் குரங்கு, இடுப்பில் குட்டியோடு. அந்த மரத்துக்குப் பின்னாலேயே செம்பனை (எண்ணெய்ப்பனை) வரிசை.

பேராக்கில் குலை வெட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவன் நான். செம்பனையைத் திட்ட வாய் வராது. ஆனால் ஆற்றின் இரு கரையிலும் 20 மீட்டர் ஒதுக்க வேண்டும் என்று சபாவின் 1998ஆம் ஆண்டு நீர்வளச் சட்டமே சொல்கிறது. சில இடங்களில் மட்டை தண்ணீரைத் தொடுகிறது! வெள்ளத்தில் நிற்கும் மரம் ஒழுங்காகக் காய்க்காது என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அப்புறம் எதற்கு நட்டார்களோ?

ஓராங் ஊத்தானுக்கு நீச்சல் தெரியாது, பெரும்பாலும் மரத்துக்கு மரம்தான் போகும். கிளையாறுகளைக் கடக்கப் பழைய தீயணைப்புக் குழாய்களில் பாலம் கட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம்தான், ஆனாலும் காடு வேண்டுமே. ஏழெட்டு ஆண்டுக்கு ஒரு குட்டி ஈனும் பிராணி அது.

செம்பனையை ஏறத்தாழ 25 ஆண்டில் வெட்டி மறுநடவு செய்வார்கள். அப்போது கரையை அளந்து எல்லைக்கல் நட்ட பிறகே கன்று இறக்க விட வேண்டும். அந்த 20 மீட்டரில் காட்டுமரம் நடும் கூலியைத் தோட்டத் தொழிலாளருக்கே கொடுக்கலாம்.

ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
சுங்கை சிப்புட்.