நீளமான வாக்கியத்துக்கு நம் பிழைதிருத்தி ஏன் நேரம் எடுக்கிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சின்ன வாக்கியத்தில் உடனே பிழை காட்டுகிற மென்பொருள், நாற்பது சொல் உள்ள பத்திர வாசகத்தைக் கொடுத்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று பலர் போனில் கேட்டீர்கள். உங்கள் கணினியில் கோளாறு எதுவும் இல்லை. இலக்கணப் பகுப்பின், அதாவது வாக்கியத்தில் எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று பிரித்துப் பார்ப்பதன், கணக்கு அப்படி.

'நான் சொன்ன வேலையை அவர்கள் முடித்தார்கள்.' இதில் 'நான்' என்பது 'சொன்ன'வோடு போகிறது, 'முடித்தார்கள்' என்பதோடு அல்ல. எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று பார்க்காமல் விட்டால், சரியான வாக்கியத்துக்கே சிவப்புக் கோடு விழும். ஆனால் சேர்க்கிற வழிகள் கொஞ்சமல்ல. 'பழைய புத்தகக் கடை' என்றால் பழையது புத்தகமா, கடையா? மூன்று சொல்லை இரண்டிரண்டாகச் சேர்க்க 2 வழி. நான்குக்கு 5, ஐந்துக்கு 14, பத்துக்கு 4,862. இருபது சொல்லுக்கு 176 கோடியைத் தாண்டிவிடும்.

அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் எந்தக் கணினியும் தாங்காது. இதற்கு 1960களிலேயே வழி பிறந்துவிட்டது. காக், யங்கர், காசாமி என்ற கணினி அறிஞர்கள் மூவரும் தனித்தனியே கண்டது. வாக்கியத்தின் ஒவ்வொரு துண்டையும் ஒரே ஒரு முறை பகுத்து, விடையை ஒரு கட்டத்தில் குறித்துவைத்தால் போதும். பெரிய துண்டுக்குப் போகும்போது அதை எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு மிகவும் பிடித்த யோசனை இது. இருபது சொல்லுக்குத் துண்டுக்கு ஒன்றாக 210 கட்டம், அத்துண்டுகளை மொத்தம் 1,330 இடத்தில் இரண்டாக வெட்டிப் பார்த்தால் முடிந்தது. நாற்பது சொல் என்றால் 10,660 இடம். அதாவது நீளம் இரட்டித்தால் வேலை எட்டு மடங்கு. அப்புறம் ஒவ்வோர் இடத்திலும் இலக்கண விதிகளை ஒட்டிப் பார்க்க வேண்டும். நீளத்தோடு வேலை கூடும் இந்த வேகத்தை இதையும்விடக் குறைக்கலாம் என்று கணினி அறிஞர் லெஸ்லி வேலியண்ட் 1975இல் நிறுவினார். நம் வாக்கிய நீளத்துக்கு அந்த முறை கட்டுப்படியாகவில்லை.

ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். முந்தைய பதிப்பில் முப்பது சொல்லைத் தாண்டிய வாக்கியத்தைப் பகுக்காமலே 'பிழை இல்லை' என்று காட்டினோம். வேகத்துக்காகச் செய்தது. அதை நம்பி அச்சுக்கு அனுப்பியவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். புதிய பதிப்பு முழுவதையும் பகுத்த பிறகே விடை சொல்லும். அவசரத்துக்கு இடையில் நிறுத்தினால், பார்க்காத பகுதி சாம்பல் நிறத்தில் தெரியும்.

அப்படியும் வெகுநேரம் சுற்றுகிற வாக்கியம் ஏதேனும் அகப்பட்டால் அப்படியே எங்களுக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
பிழைதிருத்திக் குழுவினர்